மேடேற விடாத ஆசான் பவுல்ராஜ் அவர்களுக்குப் பணிநிறைவு வாழ்த்துமடல்

முகில் தவழும் நீலமலையில் முக்குளிக்கக் கற்றுத்தந்த முதல்வரே! மூச்சுக்கு மூச்சு எங்களைத் திட்டித் திட்டியே உயிரோடு வைத்திருந்த தலைமைப் பயிற்றுநரே! எங்கள் பவுல்ராஜ் ஐயா அவர்களே! வணங்குகிறோம்.

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போய், எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டிய காலத்தில், வேலையிழந்த வீட்டுப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்து, அணையிலும் கப்பலிலும் பிழைக்க வழி காட்டினீர்கள். குளிரில் பல் கிட்டிக்க நின்றவர்களிடம் முதல் நாளே அட்டவணையை நீட்டினீர்கள்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், கரையேறியபின் எவ்வளவு காத்திருப்பு! உடலில் ஊறிய வாயு வடியுமுன் உயரத்துக்குப் போனால், இரத்தத்தில் குமிழியிட்டு ஆளையே முடக்கிவிடும். நம் ஏரியிலிருந்தோ எந்த ஊருக்குப் போவதென்றாலும் முதலில் மேடேற வேண்டும்.

பிறகு மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் வந்தது. நொடிக்கு நொடி ஆழம் பார்த்துக் கணக்குச் சொல்லும் அதை நீங்கள் வெறுக்கவுமில்லை, முழுதாய் நம்பவுமில்லை. “இதுவும் அட்டவணையும் சண்டை போட்டா, பயந்தாங்கொள்ளி பேச்சைக் கேளுங்கடா” என்றீர்கள்.

அந்த மாலையை மறப்போமா! கடைசிப் பயிற்சி முடித்துக் கரையேறினான் தேவர்சோலை நவநீதன். மறுநாள் காலை கொச்சியில், கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு இன்டர்வியூ. தோட்டம் பூட்டிய குடும்பத்துக்கு அந்த வேலை ஒன்றுதான் நம்பிக்கை. ராத்திரி பஸ்ஸுக்குப் போகலாம் என்றது கம்ப்யூட்டர். விடியும்வரை கூடாது என்றது அட்டவணை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக இருந்த ஒரே ஜீப்பின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

“ஏனுங்க சார், எம்பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே!”

“திட்டு. உசுரோட இருந்து திட்டு.”

அதோடு விட்டீர்களா? அன்று நீரில் இறங்காத நீங்களே அந்த பஸ்ஸில் ஏறினீர்கள். கொச்சியில் கம்பெனி வாசலில் நின்று, “பையன் மேல தப்பில்லீங்க, நான்தான் விடலை” என்று மன்றாடி, ஒரே ஒரு நாள் அவகாசம் வாங்கினீர்கள்.

அன்று சரியாகச் சொன்னது எது? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நவநீதன் இன்று அதே கம்பெனியில் மேற்பார்வையாளர். லீவு போட்டு வந்து, இதோ முன்வரிசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். தம் ஆட்களுக்கு அவர் கட்டிவிடுவது கம்ப்யூட்டர்தான். கூடவே அட்டவணையையும் ஒப்பிக்கச் சொல்கிறாராம்!

ஐயா, அருவங்காட்டு வீட்டில் நோயின்றி, நிறைவாய், நெடுங்காலம் வாழ்க! நேற்றோடு நீங்கள் நீரில் இறங்குவது முடிந்தது. இனி எந்த நேரமும் எந்த மேடும் ஏறலாம். காத்திருக்க வேண்டியதே இல்லை. இதை உங்களிடம் சொல்லத்தான் எங்களுக்கு வாய் வரவில்லை.

என்றும் உங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,
பயிற்றுநர்கள், படகோட்டிகள், சமையற்கட்டுப் பணியாளர்கள்,
ஏரிக்கரை முக்குளிப்புப் பயிற்சி மையம்