பசுமைப் பள்ளியின் பின்பக்கம்

மாண்பும் மதிப்பும் நிறைந்த தலைவர் அவர்களே, கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும் சிறப்பு விருந்தினர்களே, என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தத் தெரிந்தும் நான்காம் வரிசைக்குத் தள்ளப்பட்ட ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளின் பைகளையும் சேர்த்துச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, எப்போது முடியும் என்று வாசலைப் பார்க்கும் தந்தைமார்களே, காலையிலிருந்து கைதட்டிக் கைதட்டிக் கை சிவந்துபோன மாணவச் செல்வங்களே, இந்த மேடையைக் கூட்டித் துடைத்துவிட்டு, யார் வாயாலும் விளிக்கப்படாமல் ஓரத்தில் நிற்கும் பணியாளர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"மாணவர்க்குச் சுற்றுச்சூழலைக் கற்பிப்பது எப்படி" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தாறு ஆண்டு வேதியியல் நடத்தியவள் நான். தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். "கற்பிப்பது" என்பதை எடுத்துவிட்டு "ஏய்ப்பது" என்று வைத்துக்கொள்கிறேன். தலைவர் புன்னகைக்கிறார். அதை அனுமதியாக எடுத்துக்கொள்கிறேன்.

எப்படிக் கற்பிக்கிறோம் நாம்? எழுந்து நில் என்கிறோம். கையை நீட்டு என்கிறோம். காற்றைக் காப்பேன், கடலைக் காப்பேன், காட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். காட்டையே பார்த்திராத குழந்தை காட்டைக் காப்பதாக வாக்குக் கொடுக்கிறது. பிறகு பச்சை வண்ணம் கொடுத்து மரம் வரையச் சொல்கிறோம். பரிசு கொடுக்கிறோம். படம் எடுக்கிறோம். அதோடு பூமி பிழைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போகிறோம். ஒரே குழியில் ஒன்பது ஆண்டுகளாக மரக்கன்று நட்ட பள்ளி ஒன்றை நான் அறிவேன். மரம் வளரவில்லை. குழி நன்றாக வளர்ந்திருக்கிறது.

சிரிக்கிறீர்கள். அது நான் வேலை பார்க்கும் பள்ளி. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு படத்தில் நிற்பவளும் நான்தான். ஆகவே இன்று நான் யாரையாவது ஏளனம் செய்தால், அதில் முதல் பங்கு எனக்கே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புத் தேர்வில் நான் கேட்ட கேள்வி: "உங்கள் பகுதியில் நீர் மாசடைவதற்கான காரணங்கள் மூன்றினை எழுதுக." விடை புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. ஆலைக் கழிவு, சாக்கடை, உரம். நாற்பது பிள்ளைகள் அதை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் வேறு எழுதியிருந்தாள். ஆசிரியர் அறையில் அவளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் குறுக்குக்கேள்வி. அவள் எழுதியது இது: "நம் பள்ளி ஆய்வகத்தின் குழாய். அது சிறுவர் பள்ளிக் கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் விழுகிறது. அங்கே மண் நீலமாக இருக்கிறது."

நான் பூஜ்யம் போட்டேன். போட்டதோடு விட்டேனா? சிவப்பு மையில் "புத்தகத்தில் உள்ளதை எழுது" என்று அறிவுரையும் எழுதினேன்.

மதிய இடைவேளையில் விடைத்தாளோடு வந்து நின்றாள்.

"டீச்சர், இது தப்பா?"

"புத்தகத்துல இருக்கா?"

"இல்ல டீச்சர். ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கு."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"கேள்வியில 'உங்கள் பகுதி'ன்னுதானே இருந்துச்சு டீச்சர்?"

"அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாம கிளாஸுக்குப் போ."

போய்விட்டாள். கேள்வி போகவில்லை. பள்ளி விட்டதும் ஆய்வகத்தின் பின்புறம் போனேன். உண்மையைத் தேடியா போனேன்? இல்லை. அவள் தவறு, நான் சரி என்று நிறுவப் போனேன். முழங்கால் உயரப் புல்லை விலக்கினால், உடைந்த குழாய். குழாய்க்குக் கீழே பள்ளம். பள்ளத்து மண் நீலம், அதன் ஓரத்தில் மஞ்சள் பொருக்கு. அங்கிருந்து கிணற்றுக்கு எட்டுத் தப்படி. நானே நடந்து பார்த்தேன். அந்தக் கிணற்றிலிருந்துதான் எங்கள் வளாகத்திலேயே இருக்கும் சிறுவர் பள்ளியின் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது.

அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு எங்கள் ஆய்வக உதவியாளர் வாளியோடு வெளியே வந்தார். அவர் குறுக்குக்கேள்வியின் தாய்.

"இந்தக் குழாய் எப்போலேர்ந்து இங்க விழுது?" என்று கேட்டேன்.

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்தே இப்படித்தான் டீச்சர். சாக்கடைக்குப் போற பைப்பு உடைஞ்சு கிடக்கு. ஆபீஸ்ல ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார். "நீங்க கேக்கலையே டீச்சர். பன்னெண்டு வருஷத்துல பாட்டில் கழுவியாச்சான்னு மட்டும்தான் கேட்டிருக்கீங்க."

பெரியோர்களே, அந்தப் பள்ளத்தில் இருந்தது யாருடைய கழிவு? ஆலை முதலாளியுடையதா? முகம் தெரியாத யாரோ ஒரு கொடியவனுடையதா? என்னுடையது. மாணவனின் சோதனைக் குழாயில் மஞ்சளாக ஏதாவது படிந்தால் "ஈயம் இருப்பது உறுதி" என்று முழு மதிப்பெண் போடுவேன். அடுத்து என்ன சொல்வேன்? "கழுவுற தொட்டியில கொட்டிட்டுப் போ." ஈயத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். கண்டுபிடித்த ஈயத்தைக் குழந்தைகளின் கிணற்றுக்கு அனுப்பிவைத்தேன். அதே கையால் "நீரின்றி வாழ்வில்லை" என்று கரும்பலகையில் அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் மேசையில் அடுத்த புதன்கிழமைக்கான நிகழ்ச்சி நிரல் விரிந்து கிடந்தது. பசுமைப் பள்ளி விருதுக்குப் பார்வையாளர்கள் வரும் நாள் அது.

"இப்போ போய் பள்ளத்தைத் தோண்டணுமா?" என்றார்.

"சின்னப் பசங்க குடிக்கிற தண்ணி சார்."

"இத்தனை வருஷம் குடிச்சாங்க. இன்னும் ஒரு வாரம் குடிச்சா என்ன ஆயிடப் போகுது?"

யாரோ "அடப்பாவி" என்கிறீர்கள். பொறுங்கள், அதை முழுவதும் அவருக்கே கொடுத்துவிடாதீர்கள், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு புட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினேன். சிறுவர் பள்ளி ஆசிரியைகளிடம் "தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடுங்க" என்றேன். கொதித்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. இது எனக்குத் தெரியாதா? பதினோராம் வகுப்புக்கு நடத்துபவளே நான்தான். தெரிந்தும் சொன்னேன். கிணற்றைப் பூட்டச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் என் பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் கொதிக்க வைக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் செய்தேன். குறுக்குக்கேள்வி புதன்கிழமை வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தலைமையாசிரியர் பயந்தார். அவளுடைய அம்மா ஒப்பந்த ஊழியர் என்பதையும் எனக்கு நினைவூட்டினார். நான் அந்த அம்மாவிடம் போய், "அன்னைக்கு ஒரு நாள் பாப்பாவுக்கு லீவு போட்ருங்க" என்றேன். "சரிங்க டீச்சர்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

புதன்கிழமை வந்தது. பள்ளத்தின் மேல் செம்மண் பரப்பி, வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எதற்கு எது மூடி பாருங்கள். ஈயத்துக்கு ரோஜா மூடி.

மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நாங்கள் தயார் செய்து வைத்திருந்தது ஒலிநாடா என்று நாங்கள் அழைத்த மாணவனை. ஏழாம் வகுப்பு. எதைக் கொடுத்தாலும் ஒரு முறை படித்து அப்படியே ஒப்பிப்பான். காற்று மாசு கேட்டார்கள், கடகடவென்று சொன்னான். மழைநீர் கேட்டார்கள், மடமடவென்று சொன்னான். ஆய்வகத்துக்கு வந்ததும், வந்தவர்களில் மூத்த பெண்மணி கழுவுதொட்டியைப் பார்த்துவிட்டு, சும்மா கேட்பதைப் போலக் கேட்டார்.

"இங்க கழுவுற தண்ணி எங்கப்பா போகுது?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் விடை ஏற்றவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"தெரியாது மேடம். எனக்கு அதைச் சொல்லிக் குடுக்கல."

நான் மூச்சு விட்டேன். ஆனால் அவன் நிறுத்தவில்லை.

"எங்க கிளாஸ்ல ஒருத்திக்குத் தெரியும் மேடம். அவளை இன்னைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

ஏழு ஆண்டுகளில் அந்தப் பிள்ளை சொந்தமாகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். அதைக்கூட நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை.

தலைமையாசிரியர், "சின்னப் பையன், ஏதோ உளர்றான் மேடம்" என்றார். அப்போது தொட்டியருகே நின்ற ஆய்வக உதவியாளர் கையிலிருந்த புட்டியை வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவ என் பொண்ணுதாங்க. எங்க போகுதுன்னு நான் காட்டறேன், வாங்க."

பின்னால் போய், பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எடுத்து ஓரமாக வைத்தார். காலால் செம்மண்ணைத் தள்ளினார். நீலம் தெரிந்தது. யாரும் உதவிக்குக் குனியவில்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று அவருக்குத் தெரியும். எங்களில் யாருக்கும் அந்த நிலை இல்லை. ஆனால் குனிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பெண்மணி நிமிர்ந்து கேட்டார். "பிள்ளைய வர வேணாம்னு சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன். "கழிவும் என்னோடதுதான்" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் நான் கற்பித்த ஒரே சுற்றுச்சூழல் பாடம் அந்த இரண்டு வாக்கியங்கள்.

அன்று பகலிலேயே கிணறு பூட்டப்பட்டது. இரண்டு நாளில் சோதனை முடிவு வந்தது. அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு ஈயம். சிறுவர் பள்ளிப் பிள்ளைகள் எழுபத்து மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். பதினொரு பேருக்குக் கூடுதல். இருவருக்கு மருத்துவம் தேவைப்பட்டது.

நியாயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தலைமையாசிரியரை மாற்றினார்கள், இதைவிடப் பெரிய பள்ளிக்கு. அங்கும் உறுதிமொழி உரக்க ஒலிப்பதாகக் கேள்வி. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஆய்வக உதவியாளரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காரணம், ஆட்குறைப்பு. முப்பது பேர் வேலை பார்க்கும் பள்ளியில் தானாக முன்வந்து உண்மை சொன்ன ஒரே ஆள்தான் உபரியாகத் தெரிந்தார். ஆசிரியர்கள் ஒன்பது பேர் கையெழுத்திட்டுக் கல்வி அலுவலகத்துக்கு அலையாய் அலைந்தோம். நான்கு மாதம் கழித்து அவரைத் திரும்ப எடுத்தார்கள். மீதி இருபது பேர் கையெழுத்திடவில்லை. அவர்களில் மூவர் இந்த ஆண்டு பசுமை மன்றப் பொறுப்பாளர்கள்.

குறுக்குக்கேள்வியை வகுப்பின் முன் நிறுத்தி, "உன் விடை சரி, நான் போட்டது தப்பு" என்றேன். "அப்போ மார்க்கு மாத்துவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மாற்றினேன். இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஈயமும் குரோமியமும் தொட்டிக்குப் போவதில்லை. பெயர் ஒட்டிய ஜாடிகளில் சேர்கின்றன. கரண்டிக்கணக்கில் எடுத்ததைச் சொட்டுக்கணக்கில் எடுக்கிறோம். ஜாடி நிரம்பினால் எங்கே போகும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதில் தெரியும் வரை என்னைத் துரத்துகிறார்கள்.

பின்வரிசையில் ஓர் ஆசிரியர் எழுந்து "பாடத்திட்டம் முடிக்க வேண்டாமா" என்கிறார். முடியுங்கள் ஐயா. நானும் ஆண்டுதோறும் முடித்தேன். இந்தப் பள்ளியில் மட்டும் பன்னிரண்டு முறை முடித்தேன். பாடம் முடிந்தது, கிணறும் முடிந்தது.

துருவத்துப் பனி உருகுவதைச் சொல்லித் தருகிறோம், நம் தொட்டி ஒழுகுவதைச் சொல்லித் தருகிறோமா? தூர தேசத்துக் காடு எரிவதைக் காட்டுகிறோம், மாலையில் மைதானத்து மூலையில் நாமே எரிக்கும் குப்பையைக் காட்டுகிறோமா? உலகத்தைக் காக்கச் சொல்கிறோம், உண்மையைச் சொன்னால் உட்காரச் சொல்கிறோம். தொலைவில் இருக்கும் குற்றத்தைப் பற்றிப் பேச நமக்கு நாக்கு நீளம். பக்கத்தில் இருப்பதைப் பற்றிப் பேச நாக்கே இல்லை. குழந்தைகளுக்குச் சூழல் அறிவு போதவில்லை என்று யார் சொன்னது? அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டுதான் வருகிறார்கள். நாம்தான் மதிப்பெண் கொடுத்து மூடுகிறோம், பரிசு கொடுத்து மூடுகிறோம், பூந்தொட்டி வைத்து மூடுகிறோம். மூடாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

மருத்துவம் தேவைப்பட்ட இருவரில் ஒரு பையன் நலமாக இருக்கிறான். இன்னொருத்திக்கு ஆறு வயது. இரத்தத்தில் அளவு இறங்கிவிட்டது. ஆனால் எழுத்து ஏறவில்லை. ஈயத்தால்தானா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுச் சமையலறைத் தரையில் அவளோடு உட்காருகிறேன். போன வாரம் "படகு" என்ற சொல்லை எழுத்துக் கூட்டினாள். நான்கு முறை தவறியது. ஐந்தாம் முறை வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய அம்மா எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கசந்த சொற்களைக் கடைசிவரை கேட்ட தலைவர் அவர்களுக்கு நன்றி. எழுந்து போகாத தாய்மார்களுக்கு நன்றி. முகம் சுளித்தவர்களுக்கும் நன்றி, சுளித்ததால் காதில் விழுந்தது என்று தெரிகிறது. நாளைக் காலை முதல் மணி அடிப்பதற்கு முன், தன் பள்ளியைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றிவரப் போகிற ஆசிரியர் இந்தக் கூட்டத்தில் ஒருவராவது இருந்தால், அவருக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம் சொல்லி அமர்கிறேன்.