நான்காவது வரிசை

கட்டுப்பாட்டு அறையில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் தம்பி, திரையைக் கவனிக்கும் வேலையில் இருக்கும் அம்மாள். ஏசி பழுது என்பதால் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். எதுவும் ஒளிவுமறைவாக நடக்கவில்லை.

எங்கள் குடும்பம் ஐந்து ஊர்களுக்கு வயர்லெஸ் இணைப்புத் தருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் எதுவும் போய்ச் சேராது. அதனால் இணைப்பில் போகிற தகவல்களுக்கு நான்கு வரிசைகள் வைத்தேன். முதலில் ஆட்கள் பேசும் பேச்சு; அது விக்கக் கூடாது. அடுத்து வீடியோ. பிறகு மற்ற வேலைகள். நான்காவது, எப்போது போனாலும் பரவாயில்லை என்கிற சரக்கு. மலைமேல் இருக்கும் மருத்துவமனையின் வீடியோவுக்கு மட்டும் முதல் வரிசையிலேயே இடம் கொடுத்திருந்தேன். அங்கே நர்ஸ் மட்டும்தான். சிக்கலான பிரசவம் என்றால் நகரத்து டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லுவார், அவள் செய்வாள்.

அன்று பதினொரு மணிக்கு, நெரிசல் உச்சத்தில் இருந்தபோது, அங்கே பிரசவத்துக்குக் கிடந்தவள் எங்கள் கோபுரத்தில் ஆன்டெனா மாட்டியவனோடு ஓடிப்போனவள். 'உன் மகள்' என்று தம்பி என்னிடம் சொல்வான். நான் அவளை மகள் என்று சொல்லி நான்கு வருடமாகிறது. என் சம்பளத்தை வாங்கிக்கொண்டே என் முகத்தில் கரி பூசினான் அந்த ஆன்டெனாக்காரன். அவன் பிள்ளையைப் பெற அவளுக்கு என் முதல் வரிசை வேண்டுமாம்.

அந்த வீடியோவை நான்காவதில் தள்ளினேன்.

"அண்ணே, படம் நின்னு நின்னு வருது."

"வரட்டும்."

"ரத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியலைங்கிறாரு டாக்டர். நம்ம பொண்ணுண்ணே."

"யார் வீட்டுப் பொண்ணு? மூக்கைச் சிந்தாம உட்காரு."

அம்மாள் கீபோர்டுக்குக் கை நீட்டினார். "நான் மாத்திடறேங்கய்யா."

"பாஸ்வேர்டு எங்கிட்டதாம்மா இருக்கு." மரியாதையாகத்தான் சொன்னேன்.

பேச்சை நான் தொடவில்லை. தரம் பார்க்க வைத்திருக்கும் ஸ்பீக்கரில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "கேமராவைக் கிட்ட கொண்டாம்மா" என்றார் டாக்டர். "கிட்டதான் சார் இருக்கு" என்று நர்ஸ் அழுதாள். நடுவில் கட்டிலில் கிடந்தவள் ஒருமுறை 'அப்பா' என்றாள். அதுவும் விக்காமல் வந்தது.

பதினேழு நிமிடம். தாயும் பிள்ளையும் போய்விட்டதாக டாக்டர் சொன்னதும் வீடியோவைப் பழைய வரிசைக்கு மாற்றினேன். தம்பி அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. வேலைக்கு வருகிறான், அது போதும்.

மழையில் எங்கள் சிக்னல் போனதால்தான் அவள் இறந்தாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பொய். இருபது வருடத்தில் எங்கள் சிக்னல் ஒருமுறைகூடப் போனதில்லை. அன்றும் போகவில்லை.