பழமில்லாத வீட்டில் பழவாசனை

— மறுபடியும் வருதுங்க அந்த வாசனை. அன்னாசி அழுகுன மாதிரி.

— வீட்ல பழம் வாங்கியே எவ்ளோ நாளாவுது ஸ்டெல்லா.

— அதான் எனக்குப் பயமா இருக்கு. சக்கர டப்பாவையும் தூக்கிட்டீங்க. அப்ப பாத்ரூம்ல எதுக்கு எறும்பு? காலைல கழுவி உட்டேன், மறுபடியும் சாரசாரையா நிக்குது.

— மழைக்கு ஏறியிருக்கும்.

— வெளில வெயில் கொளுத்துது. நீங்க மழைங்கறீங்க.

— சரி, எறும்ப உடு. வாசனைக்குக் காரணம் நான்தான். சோறு, ரொட்டிய உட்டா ஒடம்பு கொழுப்ப எரிக்கும். கீட்டோன் ஊறும். மூச்சுல பழவாசன அடிக்கும்.

— அது விஷம்னு சொல்றா பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி. கிட்னி போயிடுமாம்.

— தெருவே அதத்தான் சொல்லுது. டாக்டர கேட்டுட்டுதானே ஆரம்பிச்சேன்? கிட்னியும் பாத்தாச்சி. எனக்கு ஒண்ணும் ஆவாது.

— எங்க, வாயத் தொறந்து ஊதுங்க.

— இந்தா.

— பூண்டு நாத்தம்தான் அடிக்குது. பழமே இல்ல.

— ஆமால்ல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா மாமா வீட்டு விருந்து. அதுலேந்து மதியம் கடையில தெனம் சோறுதான். எனக்கு அந்த வாசன நின்னு போயிருக்கும்.

— அப்ப எங்கேந்துங்க வருது? ஹால்ல இல்ல. சமையக்கட்டுல இல்ல. இங்க, அஞ்சலி ரூம் வாசல்ல வந்து நின்னாதான்.

— அட, அவகிட்டேந்துதான். எங்கூட டயட் ஆரம்பிச்சவ, அவ இன்னும் உடலயே. எப்படி எளச்சிட்டா பாரு. பயப்படாத.

— காலைலேந்து படுத்தே கெடக்கறா. எழுப்புனா முனகறா. கொடங்கொடமா தண்ணி குடிக்கறா, திரும்பத் திரும்ப பாத்ரூம் போறா.

— ஆரம்பத்துல எனக்கும் அசதிதான். கதவத் தொற. அஞ்சலி? அஞ்சலிம்மா, அப்பாவப் பாரு.

— தண்ணி... ப்பா...

— கேட்டீங்களா, எப்படி மூச்சு வாங்குது. ஓடி வந்தவ மாதிரி.

— ஆமா. வாசன இவகிட்டதான். டயட்டு அப்படித்தான் செய்யும், ஸ்டெல்லா. ஏன் அழுவற?

— இவ டயட்டே இல்லங்க.

— என்னது?

— உங்க முன்னாடிதான் முட்டையும் கோசும். நீங்க கடைக்குக் கெளம்புன ஒடனே நான் சோறு போட்டுடுவேன். வளர்ற புள்ள, பசிக்குதுன்னு அழுதா. நேத்துகூட ரெண்டு தட்டு. எவ்ளோ போட்டாலும் பசி அடங்கல, ஆனா எளச்சிக்கிட்டே போறா.

— தெனமுமா?

— தெனமும். திட்டுவீங்கன்னுதான் சொல்லல.

— சோறு தின்ற புள்ளைக்கு இந்த வாசன வரக்கூடாது ஸ்டெல்லா. இது டயட்டு இல்ல. சக்கர நோயி. தின்ன சோறு ஒடம்புல ஒட்டாம கொழுப்பு எரிஞ்சி, கீட்டோன் ரத்தத்துல முத்திப்போச்சி. அதான் பாத்ரூம்ல எறும்பு. ஆட்டோவக் கூப்புடு, நான் தூக்கிட்டு வரேன்.

— மாதாவே... பன்னெண்டு வயசு புள்ளைக்கா?

— ஓடு. ஆஸ்பத்திரில மொதல்ல சக்கர பாக்கச் சொல்லு. அவ டயட்ல இருந்தாள்னு மட்டும் சொல்லிடாத. என்ன மாதிரியே அவங்களும் டயட்டு வாசனதான்னு நம்பிடுவாங்க.