துண்டு போட்டு மூடிய சம்பந்தி சீர்

இந்தத் திருமண வரவேற்புக்குத் தலைமை தாங்கும், பர்மிய வழக்கில் நாம் மரியாதையாய் ‘ஊ’ சேர்த்து அழைக்கும் பெரியவர் ஊ இராமையா அவர்களே! அலோனிலிருந்தும் பசுந்தாங்கிலிருந்தும் பஸ் ஏறி வந்த பெரியோர்களே! பிள்ளை பெற்றுப் பேர் வளர்த்த தாய்மார்களே! இத்தாலி தேசத்துச் சம்பந்தியம்மா ஒர்னெல்லா அவர்களே! பாப்பம்மாளின் பணிவான வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் குடும்பமோ நிற்கவில்லை! பேரன் ரமேஷ்குமார் சிங்கப்பூரில் கப்பல் இன்ஜினீயர். பேத்தி மஞ்சுளா நர்ஸ் படிப்பில் தங்கப் பதக்கம். கடைக்குட்டி சிவானந்தன் ஷ்வேப்யிதாவில் பந்தாடிக் கோப்பை தூக்கியவன். கை தட்டுங்கள், காசா பணமா? இன்னொரு பேத்தி, மணப்பெண் ராஜியோ, வைன் செய்யும் படிப்புக்கு இத்தாலி போய், வைன் செய்யும் வீட்டுக்கே மருமகளாகிவிட்டாள்!

அந்த வீட்டுச் சீர் எங்கே? காலையில் சீர்த்தட்டில் கண்டேன், கருஞ்சிவப்பு வைன் ஒரு போத்தல். குடும்பப் படம் எடுக்கையில் அதன் மேல் ஒரு துண்டு! படம் பேஸ்புக்கிலும் ஏறிவிட்டது. சம்பந்தியம்மா போனில் பார்த்தார். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்ததய்யா!

யார் போட்ட துண்டு? என்ன கொழுந்தனாரே, சொக்கனாரே, எழுந்துவிட்டீர்களா?

"பின்ன என்ன அண்ணி! கோயில் மண்டபம். சாராயப் போத்தல நடுவுல வச்சா ஊரு சிரிக்காதா?"

சாராயமா? ராஜி சொன்ன கதையைக் கேளுங்கள். மாப்பிள்ளை மத்தேயோ பிறந்த வருஷம், அவர்கள் மலைத் தோட்டத்தில் கல்மழை. கொத்துக் கொத்தாய்க் காய்த்த திராட்சை கூழாய்க் கிடந்தது. பச்சை உடம்புக்காரி ஒர்னெல்லா, பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு, உடையாத பழங்களை ஒவ்வொன்றாய்க் கிள்ளினார். மாமனார் கூடை பிடித்தார், புருஷன் பிழிந்தார். கிடைத்தது ஒரே ஒரு சின்னப் பீப்பாய்! பிள்ளை பிறந்த வருஷத்து வைனைக் கல்யாணத்துக்கு எடுத்துவைப்பது அந்த வீட்டு வழக்கம். அந்தப் பீப்பாயின் கடைசிப் போத்தல் இது. இது போதையா, பெற்றவள் பொத்தி வைத்த பாசமா?

நேற்று நாம் வைத்த லபெத் என்ன? குழியில் புளிக்க வைத்த தேயிலைதானே! முகம் சுளித்தாரா? மிளகாயைக் கடித்துக் கண்ணீர் வழிய, இன்னொரு கை அள்ளினாரே! நம் இலையை அவர் மதித்தார். அவர் பழத்தை நாம் மூடலாமா? மூடலாமா?

பின்னால் யாரது, ரவியா?

"அத்தை, ருசி பாத்தாச்சா?"

எங்கே! மோந்து பார்க்கக்கூட ராஜி விடவில்லை!

கொழுந்தனார் பேச்சிலும் நியாயம் உண்டு. கோயில் மண்டபத்தில் மூடி திறக்காது. நாளை வீட்டில் திறப்போம். முதல் மிடறு பெற்றவளுக்கு. ஆனால் இங்கே அது சீர். சீரின் இடம் சபை நடுவில்! சரிதானே கொழுந்தனாரே?

"துண்ட நானே எடுக்கிறேன் அண்ணி. போத்தலையும் நானே பிடிக்கிறேன், எவனாச்சும் கீழ போட்டுடப் போறான்!"

அப்படிச் சொல்லுங்கள்! பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி, புதுமணத் தம்பதிக்கு வாழ்த்து, அனைவருக்கும் வணக்கம். சம்பந்தியம்மா, என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். மஞ்சுளா, அந்தக் காலைப் படத்தை அழித்துவிட்டு, இப்போது ஒன்று புதிதாய் எடுத்துப் போடம்மா. போத்தல் முழுசாய்த் தெரியணும்!