கல்யாணத்தை நிறுத்திய நாவல்

குளுவாங்கிலிருந்து புறப்பட்ட ரயிலில் என் எதிரே தொழிற்சாலைச் சீருடையில் இரு தோழிகள். மூத்தவள் ஒரு நாவலை நீட்டினாள்.

“இதப் படிச்சுட்டுத்தான் என் கல்யாணத்த நிறுத்துனேன். நீ கண்டிப்பாப் படிக்கணும்.”

“அலமாக், ஐயோ! எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்க்கா.”

“அதான் குடுக்குறேன். கதையில அவ கட்டிக்கப் போறவன்கிட்ட, ‘நீங்க செய்றது தப்புனு சொன்னா கேப்பீங்களா’ம்பா. நானும் கேட்டேன், எனக்குப் பாத்தவரு கத்துனாரு. என் தங்கச்சியும் அவளுக்குப் பாத்தவருகிட்ட கேட்டா, அவரு சிரிச்சாரு. அவரையே கட்டிக்கிட்டா.”

ரெங்கம் நிலையம் தாண்டியதும் இளையவளின் கைப்பேசி ஒலித்தது. மாப்பிள்ளைதான். அவள் தயங்காமல் அதையே கேட்டாள். பேசி முடித்ததும் மூத்தவள் அவளைப் பார்த்தாள்.

“என்ன சொன்னாரு?”

“‘இப்ப என்ன தப்பு பண்ணேன்’னு பயந்துட்டாருக்கா.”

“அப்பக் கட்டிக்க லா. புத்தகத்தயும் படி.”