அதுவும் காப்பு, இதுவும் காப்பு

தள்ளாத வயதிலும் தமிழ் என்றால் தவறாமல் வந்துவிடுகின்ற தலைவர் சிற்றம்பலம் ஐயா அவர்களே! பனிக்கும் மழைக்கும் இந்த மண்டபத்தை எங்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் பீலெஃபெல்ட் வாழ் பெரியோர்களே! அடுப்படியில் வடைச்சட்டியோடு நின்றுகொண்டு காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் தாய்மார்களே! யேர்மன் மொழியில் யோசித்துத் தமிழில் கைதட்டும் இளையவர்களே! உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

புலம்பெயர்ந்த மண்ணில் நாம் கட்டிய வீடுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெருமை பேசலாம். ஆனால் நான் ஒரு பிழையைப் பேச வந்திருக்கிறேன். அந்தப் பிழை என்னுடையது.

பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன் ஐயா. வெட்கப்படுகிற விசயத்தைச் சத்தமாகச் சொல்வது கொஞ்சம் கஷ்டம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கணேசலிங்கம் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் தளபாடத் தொழிற்சாலையில் நின்று உழைத்து, இங்கிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில், ஒரு சிற்றோடைக் கரையில் வீடு வாங்கியவர். அவருடைய மனைவி கமலநாயகி அக்கா வீட்டைப் பார்க்கவே இல்லையாம். ஓடையைப் பார்த்துத்தான் ஓம் சொன்னாவாம். இதைச் சொல்லி அண்ணை அவவைப் பகிடி பண்ணுவார்.

அந்த ஓடை ஒருமுறை பெருகி நிலவறைக்குள் வந்தது. காப்புறுதிக் கம்பனி மறுபேச்சில்லாமல் இழப்பை ஈடுசெய்தது. அடுத்த கோடையில் ஒரு கடிதம் வந்தது. வெள்ளத்துக்கான காப்புறுதி இனிப் புதிய நிபந்தனைகளோடுதான். மூன்று கிழமைக்குள் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் முடிவுக்கு வரும். இவ்வளவும் எங்கே இருந்தது? இரண்டாம் பக்கத்தில். முதற்பக்கத்தில் என்ன இருந்தது? மதிப்புக்குரிய அம்மணி, மதிப்புக்குரிய ஐயா, இத்தனை வருட நம்பிக்கைக்கு நன்றி.

அண்ணை அதை உடைத்துப் பார்க்கும்போதே இரண்டு கிழமை போய்விட்டது. அப்போது ஊன்ட்றொப் கோயிலில் அம்பாளுக்குத் திருவிழா. அண்ணை கையில் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினால் அது அவிழும்வரை எந்தப் புதுக்காரியத்துக்கும் கையெழுத்து வைப்பதில்லை என்பது அவருடைய வீட்டு ஒழுங்கு. ஆனாலும் மனம் கேட்காமல் கடிதத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். பிறகு தொலைபேசியில் கேட்டார்.

“தங்கச்சி, காப்போடை நிக்கிறன். இதுக்குக் கையெழுத்து வைக்கத்தான் வேணுமோ?”

நான் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கத்தி, மறு கையில் தொலைபேசி. முதற்பக்கத்தை மட்டும் பார்த்தேன். பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள், ஊருக்கெல்லாம் கடிதம் வாசித்துக் கொடுக்கிறவள், முதற்பக்கத்தை மட்டும் பார்த்தேன்!

“காப்பு அவிழட்டும் அண்ணை. இந்த நாட்டிலை நினைவூட்டல் கடிதம் வராமல் ஒண்டும் நடக்காது” என்றேன்.

நீங்களும் அப்படித்தானே நம்புகிறீர்கள்? மின்சாரத்துக்கு நினைவூட்டல் வருகிறது. பல்வைத்தியருக்கு நினைவூட்டல் வருகிறது. நூலகத்துப் புத்தகத்துக்குக்கூட வருகிறது. இதற்கு வரவில்லை. அண்ணை கடிதத்தை அம்பாள் படத்துக்குக் கீழே வைத்தார். திருவிழா முடிந்தது, காப்பு அவிழ்ந்தது. வீட்டுக்கு வந்தால் தபால்பெட்டிக்குள் ஒற்றைத்தாள் கிடந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பதினொரு கம்பனிகளிடம் கேட்டோம். தெருவையும் வீட்டிலக்கத்தையும் கணினியில் பதிந்த உடனேயே எல்லாரும் கைவிரித்தார்கள். ஒரு முகவர் மட்டும், நல்ல மனிதர், கோப்பி தந்து விளங்கப்படுத்தினார். ஆபத்தான இடத்தை ஏற்றால் எவ்வளவு கையிருப்பு வைக்க வேண்டும், ஆபத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்றெல்லாம் சட்டம் கம்பனிகளை இறுக்கிப் பிடிக்கிறதாம். கம்பனி கவிழ்ந்து மக்கள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். நல்ல சட்டம்! ஆனால் பிடி இறுக இறுக, ஓடைக்கரைகளை விட்டுக் கம்பனிகள் ஓசைப்படாமல் ஒதுங்குகின்றன. இருந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டால் பிறகு கிடைப்பது அரிது என்றார். கடைசியாகச் சொன்னார்: வீடு நல்லது, முகவரிதான் சரியில்லை.

முகவரி! இந்தச் சொல்லுக்காக நாம் எத்தனை வருடம் காத்திருந்தோம்? அகதி முகாமில் ஒரு கட்டிலும் ஓர் இலக்கமும்தானே தந்தார்கள்? அன்று முகவரி இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். இன்று முகவரி இருக்கிறது என்பதற்காகவே கதவைச் சாத்துகிறார்கள். இதை நான் யாரிடம் போய் மொழிபெயர்த்துச் சொல்வேன்?

இந்த வருடம் வைகாசியில் ஓடை மறுபடி வந்தது. இம்முறை நிலவறையோடு நிற்கவில்லை. குசினிக்குள் வந்தது, கூடத்துக்குள் வந்தது, சாமியறைக்குள்ளும் வந்தது. இப்போது அண்ணையும் அக்காவும் மேல்மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். கீழே சுவர் இன்னும் காயவில்லை. திருத்த வழியில்லை. வீட்டுக்குக் கடன் தந்த வங்கியும் காப்புறுதி எங்கே என்று கேட்கிறது. மார்கழிக்குள் ஒரு காப்புறுதி கிடைக்காவிட்டால் வீட்டை விற்கத்தான் வேண்டும். யார் வாங்குவார்?

நான் போய் அவர் முன்னால் நின்றேன். அண்ணை, இரண்டாம் பக்கத்தை நான் பார்க்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. ஏசியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பேன். ஈரச்சுவரைத் தடவிக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

“அதுவும் காப்பு, இதுவும் காப்பு. ரெண்டையும் நம்பினனான். ஏன் பிள்ளை ஒண்டு மற்றதுக்கு வழிவிடேல்லை?”

அம்பாளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் கடிதம் வாசிக்கிறவள் அல்ல. கடிதம் வாசிக்கிறவள் நான்.

ஆகையால், அன்பானவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் பக்கத்து அறையில் ஒரு மேசை போட்டு இருப்பேன். உடைக்காத கடிதமா, கொண்டுவாருங்கள்! உடைத்தும் விளங்காத கடிதமா, கொண்டுவாருங்கள்! சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறதா, கும்பிட்டு எடுத்துக் கொண்டுவாருங்கள்! காப்புக் கட்டுவதற்கு முன்னால் கொண்டுவாருங்கள்! கடைசிப் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். அந்த மேசையில் முதலில் எழுதப்போவது பன்னிரண்டாவது கம்பனிக்கு, அண்ணைக்கான விண்ணப்பம்.

இதையெல்லாம் கமலநாயகி அக்காவிடம் கேட்டுத்தான் சொன்னேன். “சொல்லும், ஆனால் என்னைப் பாத்துச் சொல்லாதையும்” என்றா. மூன்றாம் வரிசையில் இருக்கிறா. இவ்வளவு நேரமும் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அண்ணை ஏன் வரவில்லை என்று வாசலில் சிலர் கேட்டீர்கள். பின்னேரம் மழை என்று வானிலையில் சொன்னார்கள். மழை என்றால் அவர் வீட்டை விட்டு அசைய மாட்டார்.

பொறுமையோடு கேட்ட சபைக்கும், பேச இடம் தந்த ஐயாவுக்கும் என் நன்றி. எல்லோரும் நனையாமல் வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.

அக்கா, கூரையில் சத்தம் கேட்கிறது. எழும்புங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்.