நெற்றிச் சுருக்கத்துக்கு ஒரு ஊசி

— இல்ல சிஸ்டர், வேற மாத்திரை எதுவும் சாப்பிடல. மூணாவது தடவ கேக்குறீங்க.

— நாலாவது தடவையும் கேப்பேன்மா. இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டாத்தான் டாக்டர் ஊசியையே கையில எடுப்பாங்க. ஒன்பது வருஷமா இந்த வேலை. என் கையில வந்த ஒரு ஆளுக்கும் ஒன்னும் ஆனதில்ல.

— நானும் இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டுறேன். வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல. டிப்போவுல வந்து கேட்டுப் பாருங்க.

— கீறலெல்லாம் நெத்தியில வாங்கிக்கிட்டீங்க போல.

— அது வெயில்ல கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வந்தது. அதுக்காக நான் வருத்தப்பட்டதே இல்ல, போன மாசம் வரைக்கும்.

— போன மாசம் என்ன ஆச்சு?

— வெளிய உக்காந்திருக்காரே எங்க வீட்டுக்காரர், அவருக்கு ஆறு வருஷமா கண்ணு மங்கல். ஆளு நிக்கிறது தெரியும், முகம் தெரியாது. ஆபரேஷன் வேணாம் வேணாம்னு தள்ளிப்போட்டவரு, போன மாசம்தான் ஒருவழியா சரின்னாரு. முடிஞ்சு பத்து நாளாச்சு. இன்னும் தெளியலங்கிறாரு. தெளிஞ்சு என்னைப் பாக்குறப்ப, அவரு கடைசியாப் பாத்த முகம் இருக்கணும் சிஸ்டர். அவ்வளவுதான் என் ஆசை. தோல் அலர்ஜின்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன், காட்டிக் குடுத்துடாதீங்க.

— சரிம்மா. வீட்டுல உங்க மாத்திரையெல்லாம் யாரு எடுத்து வைக்கிறது?

— அவருதான், வேற யாரு.

— ஆக, மாத்திரை இருக்கு. ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க.

— அட, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேனே. ஏங்க, நாற்காலி இடது பக்கம் இருக்கு. மெதுவாத் தடவி உக்காருங்க.

— உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன். என்ன சிஸ்டர், எங்க டிரைவரம்மா அதட்டுறாளா?

— அவங்க என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க ஐயா?

— அப்படிக் கேளுங்க. முப்பது வருஷம் தபால் பிரிச்ச கை இது, தொட்டாலே எது எதுன்னு சொல்லும். காலையில பிரஷருக்கு ஒன்னு, பொடிசா இருக்கும். ராத்திரி கொழுப்புக்கு ஒன்னு, அது நீளம். அப்புறம் ரத்தம் உறையாம இருக்க ரெண்டு வேளையும் ஒன்னு. நெஞ்சு தாறுமாறா அடிக்குதுன்னு ஹார்ட் டாக்டர் எழுதிக் குடுத்தது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டப்பாவுல நான்தான் பிரிச்சு வைக்கிறேன். ஒரு வேளை மாறினது கிடையாது.

— என்னம்மா இது, ஒன்னுமே இல்லன்னீங்க?

— பிரஷர் மாத்திரையெல்லாம் ஒரு மாத்திரையா சிஸ்டர், ஊரே சாப்பிடுது. அந்த ரத்த மாத்திரையை நிறுத்தி அஞ்சு நாளாச்சு. அது சாப்பிட்டா ஊசி குத்தின இடமெல்லாம் கன்னிப்போயி மாசக்கணக்கா நிக்கும்னு பார்லர்ல சொன்னாங்க.

— எந்த ஊசி?

— நெத்திச் சுருக்கத்துக்குங்க. அப்புறம் சொல்றேன், சும்மா இருங்க.

— கன்னிப்போனா ஒரு வாரம், பத்து நாள்ல மறைஞ்சிடும்மா. கொஞ்ச நேரம் கூட அழுத்திப் பிடிச்சா அதுவும் குறையும். ஆனா நீங்களா மாத்திரையை நிறுத்தி, மூளையில ரத்தம் உறைஞ்சு, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுன்னா? அதை எந்த ஊசி நேராக்கும்? முன்னாடியே சொல்லியிருந்தா உங்க ஹார்ட் டாக்டரைக் கேட்டிருப்போம். பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே சொல்ல மாட்டாங்க.

— நிறுத்தாமலே போட்டிருக்கலாமா?

— அதைத்தான் சொல்றேன். இன்னைக்கு ஊசி கிடையாது. இப்பவே அவங்களுக்கு போன் போடுறேன், அவங்க சொல்றபடி திரும்ப ஆரம்பிங்க. விட்டதையெல்லாம் சேத்து முழுங்கிடாதீங்க.

— வெக்கமா இருக்கு சிஸ்டர். அத்தனை பேரை ஏத்திக்கிட்டு இந்த அஞ்சு நாளும் ஓட்டியிருக்கேன்.

— தப்பு என்மேலதான் சிஸ்டர். அந்த ரோஸ் மாத்திரையை இவ காகிதத்துல சுத்தி யூனிபார்ம் பாக்கெட்டுல போட்டப்பவே கேட்டிருக்கணும். டிப்போவுல போய் சாப்பிடுவான்னு விட்டுட்டேன்.

— ரோஸா? ஏங்க, உங்களுக்கு எப்படி...

— ஊசி வேணும்னா போட்டுக்க, உன் முகம், உன் இஷ்டம். எனக்காகன்னா வேணாம். மூணாம் நாளே பார்வை தெளிஞ்சிடுச்சு.

— இத்தனை நாளா ஏன் சொல்லல?

— சொன்னா முகத்தைத் திருப்பிக்குவ. நேத்து உன் பஸ்லதான் ஏறினேன், கடைசி சீட்டு. கண்ணாடியில உன் முகத்தையே பாத்துக்கிட்டு கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தேன், பக்கத்துல உக்காந்தவங்க எல்லார்கிட்டயும் 'ஓட்டுறது என் பொண்டாட்டி'ன்னு சொல்லிக்கிட்டே.